ஒரு வாய்க் காற்று

கம்ப்ரஸர் மெக்கானிக்குக்கு ஒரு குணம். எந்த இயந்திரத்தின் பக்கம் போனாலும் காதை வைத்துக் கேட்பார். கேட்டால் கையை வைப்பார். கையை வைத்தால் எதையாவது ஒரு சுற்றாவது திருகாமல் எடுக்கமாட்டார். நன்றாக ஓடுகிற இயந்திரத்தைப் பார்த்தாலும், இதை இன்னும் கொஞ்சம் நன்றாக ஓட வைத்தால் என்ன என்று தோன்றிவிடும். இந்தக் குணத்தால் பட்டறையில் நல்ல பேர் வாங்கியிருக்கிறார். வீட்டில் வண்டி வண்டியாகத் திட்டு வாங்கியிருக்கிறார். கல்யாணமான புதிதில் மனைவியின் தையல் மெஷினை, சத்தம் சரியில்லை என்று பிரித்துப் போட்டார். பூட்டிய பிறகு ஒரு திருகாணி மிச்சம் இருந்தது. அது எங்கே இருக்க வேண்டியது என்று இன்று வரை இருவருக்கும் தெரியாது. "ஒரு நாளாவது சும்மா இருங்களேன்" என்று அன்றைக்கு அவள் ஆரம்பித்தவள், அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை.

அந்த மனைவிக்குத்தான் இப்போது மூச்சு போதவில்லை. நுரையீரல் உள்ளுக்குள்ளேயே இறுகிக்கொண்டு வருகிறது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஏன் வந்தது என்று கேட்டதற்கு, சிலருக்கு வரும் என்றார். கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து ஜன்னலோரமாகப் போட்டார்கள். பக்கத்தில் முக்காலி உயரத்துக்கு ஆக்சிஜன் மெஷின் ஒன்று இரவும் பகலும் உறுமிக்கொண்டு நின்றது. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று தரையில் நெளிந்து வந்து அவள் மூக்கில் முடிந்தது. குழாயின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் அவளுக்கு வீடு. சமையலறை வாசல் வரை போகலாம், உள்ளே அடுப்பைத் தொட முடியாது.

"அடுப்பு தப்பிச்சுது" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். சிரித்ததும் இருமல் வந்துவிட்டது.

அம்மா நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாளே என்று மகள்தான் மீன் தொட்டியை வாங்கி வந்தாள். அவள் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாள். தொட்டியின் மேல்பாதியில் கப்பி மீன்களும், நீலக்கோடு போட்ட சின்ன மீன்களும் பளபளவென்று திரிந்தன. வருகிறவர்கள் எல்லாம் அவற்றைத்தான் பார்ப்பார்கள். அடியில், மெல்லிய மணலில், கட்டைவிரல் நீளத்தில் ஒரு கூட்டம் இருந்தது. கெளுத்தி ஜாதியில் குட்டி ரகம். வாயோரம் மீசை வைத்துக்கொண்டு மணலைத் துழாவித் துழாவி, தனியாக ஓரடி கூடப் போகாமல், கும்பலாகவே அலையும். மனைவிக்கு அவற்றைத்தான் பிடித்துப் போயிற்று.

"இதுங்களப் பாருங்க. உங்கள மாதிரியே மீசை. உங்கள மாதிரியே ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குது. எதையாவது நோண்டிட்டே இருக்கு."

அவற்றில் ஒன்றுக்கு ஒரு பக்க மீசை பாதியில் ஒடிந்திருந்தது. மற்றவை சாப்பிட்டு முடித்த இடத்தை மறுபடி ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அது நகரும். அதற்குக் கணக்குப்பிள்ளை என்று பேர் வைத்தாள். அடியில் இருப்பதால் மிச்சம் மீதியைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்று மெக்கானிக் நினைத்திருந்தார். அவள்தான், மேலே இருக்கிறவர்கள் எதையும் மிச்சம் வைப்பதில்லை என்று கண்டுபிடித்து, மூழ்குகிற தீனி வாங்கி வரச் சொன்னாள். தீனி அடியில் போய் உட்கார்ந்ததும் எல்லாம் மூஞ்சியோடு மூஞ்சி மோதிக்கொண்டு தின்னும். அவள் தன் தட்டில் இருப்பதை மறந்துவிட்டு அதைப் பார்ப்பாள்.

மெக்கானிக்கின் கண்ணில் பட்டது வேறொன்று. மணலைத் துழாவிக்கொண்டிருக்கிற மீன் திடீரென்று அம்பு மாதிரி நேரே மேலே பாயும். தண்ணீருக்கு வெளியே வாயை நீட்டி ஒரு வாய்க் காற்றை விழுங்கும். அதே வேகத்தில் கீழே போய், ஒன்றும் நடக்காதது போல மறுபடி மணலைத் துழாவும். முதல் தடவை பார்த்தபோதே அவர் தொட்டியில் காதை வைத்துக் கேட்டார்.

"இதுக்கு மூச்சு போதல" என்றார்.

"அது அப்படித்தாங்க. கடைக்காரர் சொன்னாராம். அதுக்குக் குடல்லயும் கொஞ்சம் மூச்சு வாங்குற வசதி இருக்காம். மேல வந்து ஒரு வாய் குடிச்சுட்டுப் போகும். அதோட பழக்கமே அதுதான்."

"காத்தைப் பத்தி எனக்கு அந்த மீன்கடைக்காரன் சொல்லித் தரணுமா?"

அன்று சாயங்காலமே இன்னொரு காற்று மோட்டார் வாங்கி வந்து மாட்டினார். அடுத்த வாரம் அதைவிடப் பெரியது. தொட்டி, கொதிக்கிற பானை மாதிரி ஆயிற்று. மணல் புரண்டது. தொட்டியே சிறியது, அதிலும் மூலைக்கு மூலை குமிழி. அடியில் திரிந்த கும்பல், நடுவில் வர முடியாமல் வடிகட்டிக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. அப்படியும் நேரம் வந்தால் ஒன்று மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்று குடிக்கத்தான் செய்தது. அதைப் பார்த்து அவர் இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார். அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மனைவியின் நெஞ்சுக்குள் கையை விட்டுத் திருக முடியவில்லை. கைக்கு எட்டியது தொட்டிதான்.

அந்த மாதம் டாக்டரம்மாவிடம் போனபோது பேச்சு வந்தது. இனிமேல் மூச்சு ரொம்ப மோசமானால் என்ன செய்வது என்று இப்போதே பேசிவைத்துக்கொள்வது நல்லது என்றார் அவர். அவள் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள்.

"பெரிய மெஷின் வேண்டாம் டாக்டர். தொண்டைக்குள்ள குழாயைப் போட்டு, கையைக் கட்டி, இவரு கண்ணாடிக்கு வெளிய நின்னு பாக்கிறது... அது வேண்டாம். நான் வீட்லயே இருந்துக்கிறேன்."

"சும்மா இரு" என்றார் மெக்கானிக். அந்த வார்த்தையை அவர் அவளிடம் சொன்னது அநேகமாக அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா அவரைப் பார்த்துப் பொறுமையாகச் சொன்னார். "மெஷின் காத்தைத் தள்ளும் சார். அதை வாங்கிக்கிறதுக்கு நுரையீரல்ல இடம் வேணும். இவங்களுக்கு அது இல்ல. போட்டா எடுக்கிறது கஷ்டம். மூச்சுத் திணறல் தெரியாம இருக்க மருந்து இருக்கு. அதை வீட்லயே குடுக்கலாம், நர்ஸ் வந்து பாப்பாங்க. ஆனா வீட்ல எல்லாரும் ஒரே மனசா இருக்கணும். கடைசி நேரத்துல ஒருத்தர் பயந்துபோய் ஆம்புலன்ஸக் கூப்பிட்டா, ஆஸ்பத்திரிக்குப் போனப்புறம் மெஷின் போடுறத எங்களால நிறுத்த முடியாது."

வெடிப்பு விட்ட கம்ப்ரஸர் தொட்டியில் அழுத்தம் ஏற்றாதே என்று வாடிக்கையாளர்களிடம் தொண்டை கிழியக் கத்துகிறவர் அவர். டாக்டர் சொன்னது புரியாமல் இல்லை. புரிந்ததை ஒப்புக்கொண்டால் அவள் போய்விடுவாள் என்று பயம். வீட்டுக்கு வந்ததும் அவள் கையை நீட்டினாள்.

"ஏங்க, வாக்குக் குடுங்க. எனக்காக."

"தொட்டிக்குத் தண்ணி மாத்தணும்" என்று எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் பகலில் கரண்ட் போயிற்று. போனது வெகு நேரம் வரவே இல்லை. மெஷின் நின்றதும் அவளைக் கைவசம் வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாற்றினார். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தொட்டியில் குமிழி நின்றுவிட்டது. இந்தப் பக்கம் சிலிண்டரின் முள்ளையும் அந்தப் பக்கம் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றார். மீன்கள் அமைதியாகத்தான் இருந்தன. சொல்லப்போனால், குமிழி நின்றபிறகு கெளுத்திக் கும்பல் வெகு நாளைக்கப்புறம் நடு மணலுக்கு வந்து துழாவிக்கொண்டிருந்தது. அவள் அதைக் காட்டினாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் பட்டறையிலிருந்து ஒரு சின்னக் கம்ப்ரஸரைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். பின்பக்கம் குளியலறைச் சுவரை ஒட்டி அதை நிறுத்தி, ஜன்னல் வழியாகக் குழாய் இழுத்து, அழுத்தம் குறைக்கும் திருகு வைத்து, காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் கிண்ணம் ஒன்றையும் மாட்டினார். கரண்ட் போனாலும் கம்ப்ரஸரின் வயிற்றில் அடைத்துவைத்த காற்று மணிக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். வெகு நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இனிமே ஊருக்கே கரண்ட் போகட்டும். இந்த வீட்ல யாருக்கும் காத்து நிக்காது."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

பல் டாக்டர்களும், கடலில் முக்குளிக்கிறவர்களும் அவரிடம் கம்ப்ரஸர் விஷயமாக வருவதுண்டு. அவர்கள் எல்லோரிடமும் அவர் முதலில் சொல்வது ஒன்றுதான். டயருக்கு அடிக்கிற காற்று வேறு, மனுஷன் வாயில் போகிற காற்று வேறு. எண்ணெய் போட்டு ஓடும் கம்ப்ரஸரின் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெய் வரும். மூச்சுக்குப் போகிற காற்றில் அந்த வாசனைகூட இருக்கக் கூடாது. முகத்துக்கு நேரே விரலை ஆட்டிச் சொல்வார். அப்படிப்பட்டவர், எண்ணெய் கம்ப்ரஸரைக் கொண்டுவந்து, எண்ணெய் வடிகட்டி போடாமல், நேரே தொட்டிக்குள் காற்றை விட்டார். வேறு யாராவது செய்திருந்தால் அவரைப் பட்டறைப் படி ஏறவிட்டிருக்கமாட்டார்.

இரண்டொரு நாளில் தண்ணீரின் மேல் மெலிதாக ஒரு ஏடு படிந்தது. சாய்ந்து பார்த்தால் வானவில் நிறம் ஓடியது. தீனியின் கொழுப்பு என்று நினைத்துக்கொண்டார். கெளுத்திகள் மேலே பாய்வது குறைந்தது. அதைப் பார்த்து, "இப்பத்தான் காத்து சரியாப் போதுது" என்று பட்டறையில் சொல்லிப் பெருமைப்பட்டார் பாவம்.

அவை காற்று குடிக்க மேலே வரும்போதெல்லாம் அந்த எண்ணெய் ஏட்டைத்தான் முதலில் விழுங்கின. மேலே திரிந்த மீன்கள் சோர்ந்தாலும் எப்படியோ தாங்கிக்கொண்டன. அடியில் இருந்தவை ஒருநாள் காலையில் மணலில் சாய்ந்து கிடந்தன.

அவள்தான் முதலில் பார்த்தாள். விடிந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம். அவர் பல் துலக்கிவிட்டு வரும் வரை கூப்பிடவில்லை. அவர் தொட்டியின் முன்னால் நின்றார். கம்ப்ரஸரின் குழாயைப் பிடுங்கினார். மேல்தண்ணீரில் விரலைத் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றும் தெரியவில்லை. அவர் கையில் எப்போதும் இருக்கிற வாசனைதான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான், கையில் இருக்கிற அந்த எண்ணெய் வாசனையேதான் தண்ணீரிலும் என்று உறைத்தது. சமையலறைக்குப் போய் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, மறுபடி விரலைத் தொட்டு முகர்ந்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் கொன்னுட்டேன்" என்றார்.

அவள் மறுக்கவில்லை. கட்டிலிலிருந்து கையை நீட்டி அவர் தலையில் வைத்தாள்.

"மூச்சு முட்டிடுமோன்னு பயந்து செஞ்சீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வாக்குக் கேட்க அதைவிட நல்ல சமயம் கிடைத்திருக்காது. அவள் கேட்கவில்லை. அதற்காகவே அவளைக் கும்பிட வேண்டும்.

எல்லாவற்றையும் எடுக்கும்போது, ஒன்றின் செவுள் அசைந்தது. மீசை ஒடிந்த கணக்குப்பிள்ளை. அதை ஒரு வாளியில் நல்ல தண்ணீரில் விட்டுவிட்டு, காலையிலேயே மீன்கடைக்கு ஓடினார். கடைக்காரர் அப்போதுதான் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார். மெக்கானிக் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். கடைக்காரர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"தொட்டியக் காலி பண்ணி நல்லாக் கழுவுங்க. மணலை மாத்துங்க. ஒரு சின்ன பஞ்சு வடிகட்டி போதும். அது தனியா இருக்காது சார், துணைக்கு அதே ரகத்துல கொஞ்சம் கொண்டு போங்க" என்றார். பையைக் கட்டிக்கொண்டே மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். "அது மேல வரும். ஒரு வாய் குடிச்சுட்டுக் கீழ போகும். அப்ப நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்."

ஒன்றும் செய்யாமல் இருப்பது லேசா? தொட்டியைக் கழுவிப் புது மணல் போட்டு மீன்களை விட்ட பிறகு, அவர் அவள் கட்டில் காலில் சாய்ந்துகொண்டு தரையில் உட்கார்ந்து பார்க்கப் பழகினார். மீன் மேலே பாயும். அவர் முழங்கால் தானாக எழும். அவள் விரலால் அவர் தோளை ஒரு தட்டுத் தட்டுவாள். மீன் கீழே போய்விடும். முழங்காலும் கீழே போகும். வருகிறவர்கள் யாராவது பார்த்தால், இவர்கள் இருவருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு சாயங்காலம் அவள் மூக்குக் குழாயைத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தவர், அவள் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்.

"உனக்குப் பெரிய மெஷின் வேண்டாம்னா வேண்டாம். டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன். பாப்பாகிட்டயும் சொல்லிட்டேன்."

அவள் தலையணையில் நிமிர்ந்து சாய்ந்துகொண்டாள். பேச மூச்சுச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"வாயால சொல்லிட்டீங்க. அன்னிக்கு... உங்க கை சும்மா இருக்குமா?"

"இருக்கும்" என்றார். அவருக்கே நம்பிக்கை இல்லை.

அந்த நாள் ஒரு காலைப்பொழுதாக வந்தது. வெளியே பள்ளிக்கூட வேன் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள். கழுத்து நரம்புகள் புடைத்தன. இழுத்த மூச்சு பாதியிலேயே நின்று நின்று போயிற்று. நர்ஸ் காட்டிக்கொடுத்தபடி மருந்தை நாக்குக்கு அடியில் விட்டார். முதுகுக்குத் தலையணை வைத்தார். ஜன்னலை அகலத் திறந்து மின்விசிறியை அவள் முகத்துக்கு நேரே திருப்பினார். செய்ய வேண்டியது அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மகள் ஓடி வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் போனைக் கையில் எடுத்தாள்.

"அப்பா, கூப்பிடட்டுமா? அப்பா, ஆம்புலன்ஸ் பத்து நிமிஷத்துல வந்துடும்ப்பா."

வீட்டில் எல்லோரும் ஒரே மனசாக இருக்கிறோம் என்று சொன்ன மகள்தான். நேரில் பார்க்கும்போது யாருக்குத்தான் தாங்கும். மெக்கானிக்குக்கும் தாங்கவில்லை. இத்தனை வருஷம் எதையும் விட்டுவைக்காத கை, ஆக்சிஜன் மெஷினின் திருகைத் தேடிப் போயிற்று. அது ஏற்கனவே கடைசி வரை திறந்துதான் இருந்தது. அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் கை அதைப் பிடித்தது. அடுத்து அந்தக் கை போனை வாங்கும்; தெருவுக்கு ஓடும்; அவளை வாரித் தூக்கிக்கொண்டுபோய் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒப்படைத்துவிடும். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. என்ன செய்யப்போகிறார் என்று பார்க்கிற பார்வை.

அவர் திருகிலிருந்து கையை எடுத்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்தக் கையை அவள் கைக்குள் வைத்தார்.

"வேண்டாம்மா" என்றார் மகளிடம். "போனை வச்சுட்டு வா. இந்தப் பக்கம் வந்து அம்மா பக்கத்துல உக்காரு."

மருந்து வேலை செய்ய ஆரம்பித்தது. நெஞ்சின் இழுப்பு மெல்ல மெல்லத் தணிந்தது. கழுத்து தளர்ந்து தலை அவர் தோளில் சாய்ந்தது. மகள் அம்மாவின் பாதங்களை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அவருக்கும் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. உச்சிப் பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் கண்ணைத் திறந்து, தன் கைக்குள் இருந்த அவர் கையைப் பார்த்தாள்.

"பரவாயில்லையே" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். "சும்மா... இருக்கீங்க."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. ஒரு இடைவெளி முடியவே இல்லை.

மகள் யார் யாருக்கோ சொல்ல வெளியே போனாள். மூக்குக் குழாயை அவர்தான் மெதுவாகக் கழற்றித் தலையணையில் வைத்தார். பட்டறையில் ஆளில்லாமல் ஒரு இயந்திரம் ஓடினால் அவருக்குப் பொறுக்காது. ஓடிப்போய் அணைத்துவிட்டுத்தான் மறுவேலை. இந்த மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. யாருக்கும் இல்லாத காற்று தலையணையில் சீறிக்கொண்டிருந்தது. வெகு நேரம் அதை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எட்டி அணைத்தார்.

இத்தனை மாதம் அந்த அறையில் இருந்த உறுமல் நின்றுவிட்டது. அந்த அமைதியில்தான், அதுவரை அந்த வீட்டில் யாரும் காதில் வாங்கியிராத ஒரு சத்தம் கேட்டது. தொட்டியில் ஏதோ தண்ணீரைப் பிளந்துகொண்டு மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கும் சின்னச் சத்தம். அவர் முழங்கால் எழுந்தது. தோளில் தட்ட யாரும் இல்லை. அவரே தன் கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.